கிளாரினெட் எவரெஸ்ட்

பழனி அடிவாரத்தில் காவடிக்கு முன்னால் போகும் பேண்டு செட்டில், பாட்டை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் கிளாரினெட்தான். அங்கிருந்து மலைப்பாதையில் சுமார் 65 கிலோமீட்டர் ஏறினால் கொடைக்கானல். அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளி அங்கே இருக்கிறது. அவர்கள் வந்த உலகத்தில் கிளாரினெட் என்றால் மொஸார்ட் 1791-ல் எழுதிய கன்செர்ட்டோ. அங்கே சிம்பொனி கலைஞர் எழுதியதை எழுதியபடி வாசிப்பார். பல பக்கங்கள் மௌனமாக எண்ணிக்கொண்டிருந்து, கண்டக்டரின் கோல் அசையும் நொடியில் நுழைவார்.

தாளில் எழுதாத இசைக்கு இதே கருவியை வசப்படுத்தியவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். 1931-ல் பிறந்தவர். தந்தை சின்னிகிருஷ்ண நாயுடுவே கிளாரினெட் கலைஞர். வாய்ப்பாட்டுக்கு ஆலத்தூர் வெங்கடேச அய்யர், நாகஸ்வரத்துக்கு இலுப்பூர் நடேச பிள்ளை. பாட்டும் நாகஸ்வரமும் உள்ளே இறங்கிய பிறகே அவருடைய கிளாரினெட் பேசியது. அதனால்தான் அது பேண்டு வாசிப்பாக நின்றுவிடவில்லை. 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று அவரைப் புகழ்ந்தவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. பிள்ளைவாள் மறைந்தது 1956-ல். அப்படியானால் அந்தப் பட்டம் வந்தபோது நடராஜனுக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டியிருக்காது! நாகஸ்வரச் சக்கரவர்த்தி வாயால் வந்த அந்தச் சொல்லை நான் எந்த விருதுக்கும் மேலாக மதிக்கிறேன். பத்மஸ்ரீ 2022-ல்தான் வந்தது.

அவர் ஏறியது எவ்வளவு செங்குத்தான மலை என்பது குழலைக் கையில் எடுத்தால் புரியும். நாகஸ்வரம் கீழே போகப்போக விரியும் குழல். அதே விரலில் ஊதலை அழுத்தினால் மந்தர ஸட்ஜம் மத்திய ஸட்ஜமாகும். கிளாரினெட்டோ உள்ளே ஒரே அகலம், வாய்ப்பக்கம் ஒற்றை ரீட். மந்தர ஸட்ஜத்துக்கு விரல் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் மத்திய ஸட்ஜம் வராது, மத்திய ஸ்தாயிப் பஞ்சமம் வந்து நிற்கும். ஆகவே ஒரே ராகத்துக்குக் கீழே ஒரு விரலடைவு, மேலே வேறொன்று. போதாததற்குக் கீகள். விரல் நேரடியாக மூடும் துளையைப் பாதி திறந்து ஸ்வரத்தை வழுக்கலாம். கீயின் மூடியில் அது நடக்காது, அங்கே உதடும் மூச்சும்தான் துணை. தோடியின் காந்தாரத்தை இந்தக் குழலில் அசைப்பது என்றால் சும்மாவா?

கச்சேரி மேடைக்கு வருமுன் இங்கே கிளாரினெட்டின் இருப்பிடம் சதிர் நடனம். முகவீணை என்ற சிறு குழல் இருந்த இடத்தைப் பிடித்து, சின்ன மேளம் எனும் நடனக் குழுவில் நட்டுவனாருக்குப் பக்கத்தில் நின்று, பாட்டோடு ஒட்டி வாசித்தது. நடனக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு ராதாகிருஷ்ண நாயுடு வாசித்தார். நடனம் மறுசீரமைக்கப்பட்டபோது புல்லாங்குழல் வந்து உட்கார்ந்தது, கிளாரினெட் வெளியேறியது. எனக்கு இது பெரிய நஷ்டம். பாடகியின் குரலுக்குக் கீழே அந்த மரக்குழல் தரும் கனத்தைப் புல்லாங்குழல் தராது.

கொடைக்கானல் மலைக்குப் போனால் இந்தக் குழலுக்கு இன்னொரு சோதனை. பழனி வெயிலில் சேர்ந்த ஸ்ருதி 2,100 மீட்டர் உயரத்துக் குளிரில் இறங்கிவிடும். குளிர்ந்த மரத்துக்குள் சூடான ஈர மூச்சைத் திடீரென்று செலுத்தினால் மரம் வெடிக்கவும் கூடும். கல்யாணத்துக்குக் கொடைக்கானல் ஏறும் வித்வான் முதலில் குழலைக் கையால் தேய்த்துச் சூடேற்றி, மெல்ல ஊதிப் பழக்கித்தான் பாட்டுக்கு வர வேண்டும். கச்சேரி நேரத்துக்கு அரை மணி முன்னதாக அவருக்கு ஓர் அறை கொடுப்பது ஏற்பாட்டாளரின் கடமை.

பழனி தேவஸ்தானம் நாகஸ்வர, தவில் பள்ளி நடத்துகிறது. நடராஜன் வந்த வழியைப் பார்த்தால் கிளாரினெட் பாடத்துக்கும் அதுவே சரியான இடம். முதலில் பாட்டு, பிறகு நாகஸ்வரம், அதற்குப் பின் கிளாரினெட் என்று மூன்று படியாக வைத்தால், காவடியோடு நடக்கும் பேண்டு செட் பையன்களில் ஆர்வமுள்ளவர்கள் வந்து சேரலாம். ஒரு மூத்த வித்வானை ஆசிரியராக அமர்த்தித் தொடங்கினாலும் போதும்.