நெப்போலியனின் ரகசியக் கடிதங்களைப் படித்தது யார்? வெலிங்டனின் வெற்றிகளுக்குப் பின்னிருந்த உளவு வலை

போர்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் பெயராலேயே எழுதப்படுகிறது. 1808 முதல் 1814 வரை ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நெப்போலியனின் படைகளுக்கு எதிராக நடைபெற்ற தீபகற்பப் போரும் அவ்வாறே வெலிங்டன் என்ற ஒற்றைப் பெயருக்குள் அடங்கிப்போனது. அந்தத் தளபதிக்குத் தகவல்கள் எங்கிருந்து வந்தன, யாரால் வந்தன என்ற கேள்வியை பிரிட்டன் ராணுவ வரலாற்றாசிரியர் ஹியூ டேவிஸ் தமது நூல்களில் விரிவாக ஆராய்ந்துள்ளார். வெலிங்டனின் போர்களைப் பற்றிய அவரது நூல் 2012-லும், தீபகற்பப் போரில் பிரிட்டன் நடத்திய உளவுப் பணியைப் பற்றிய நூல் 2018-லும் வெளியாயின.

வெலிங்டனின் போர் அனுபவத்தில் பெரும்பகுதி இந்தியாவில் கிடைத்தது. ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரில் 1797 முதல் 1805 வரை இங்கு பணியாற்றிய அவர், 'ஹர்காரா' எனப்பட்ட தூதர்களையும் ஒற்றர்களையும் நம்பியே படை நடத்தினார். 1803 செப்டம்பர் 23-ஆம் தேதி, இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள அசாயே கிராமத்தருகே அந்த நம்பிக்கை சோதனைக்குள்ளானது. மராத்தியப் படை போகர்தனில் இருப்பதாக ஹர்காராக்கள் கூறியிருந்தனர். அவர்கள் குறிப்பிட்டது போகர்தன் வட்டாரத்தை. வெல்லெஸ்லி புரிந்துகொண்டது போகர்தன் ஊரை. விளைவாக, எதிர்பார்த்ததைவிட மிக அருகில் எதிரியின் முழுப் படையையும் அவர் சந்திக்க நேர்ந்தது. ஆற்றைக் கடக்கத் துறை எதுவும் இல்லை என்று வழிகாட்டிகள் கூறினர். ஆயினும், இரு கரைகளிலும் எதிரெதிரே கிராமங்கள் இருப்பதைக் கண்ட அவர், அவற்றுக்கிடையே துறை இல்லாமல் இருக்காது என ஊகித்துப் படையைக் கடத்தினார். ஊகம் சரியாக இருந்தது. எனினும் அந்த வெற்றிக்காக 1,500-க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ போயினர். அவர்களில் சென்னை மாகாணப் படைப்பிரிவுகளின் சிப்பாய்களும் அடங்குவர்.

ஐந்தாண்டுகளுக்குப் பின் போர்ச்சுகலில் கரையிறங்கியபோது, ஒரே வழியில் வரும் தகவலை நம்புவதன் ஆபத்தை அவர் நேரில் கண்டவராக இருந்தார். ஸ்பெயினில் பல வழிகள் இருந்தன. தூதரக அதிகாரிகள், ஊர் மக்கள், எதிரிப் பகுதிக்குள் குதிரையில் சென்று வேவு பார்த்த அதிகாரிகள் எனப் பலரிடமிருந்தும் செய்திகள் வந்து குவிந்தன. சாலமங்கா பல்கலைக்கழகத்தின் வானியல் பேராசிரியரும் அயர்லாந்துப் பாதிரியாருமான பேட்ரிக் கர்டிஸ், பிரெஞ்சுப் படையின் பிடியில் இருந்த நகரத்திலிருந்தே உளவு வலை ஒன்றை இயக்கினார். பின்னாளில் அவர் அர்மாவின் பேராயரானார்.

மிக முக்கியமான தகவல்களை எதிரியின் கைப்பட எழுதிய கடிதங்களே தந்தன. 'கெரில்லா' என்ற சொல்லை உலக மொழிகளுக்குத் தந்தது இந்தப் போர்தான். ஸ்பானிய மொழியில் அதற்குச் 'சிறு போர்' என்று பொருள். அக்குழுவினர் மலைப்பாதைகளில் பிரெஞ்சுத் தூதர்களை மடக்கிக் கடிதங்களைக் கைப்பற்றினர். எனவே பிரெஞ்சுத் தளபதிகள் எண்களாலான சங்கேத எழுத்துக்கு மாறினர். 1811-இல் போர்ச்சுகல் முனையின் பிரெஞ்சுப் படை பயன்படுத்திய சங்கேதத்தில் சுமார் 150 எண்கள் இருந்தன. அவ்வாண்டின் இறுதியில் பாரிஸிலிருந்து வந்த புதிய சங்கேதத்தில் 1,400 எண்கள். எழுத்து, அசை, சொல், ஆள், ஊர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். குழப்புவதற்கென்றே பொருளற்ற எண்களும் உண்டு.

அதனை உடைத்தவர் வெலிங்டனின் தலைமையகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்கோவெல். அவருடைய திறமைக்கு இணையாக எதிரியின் சோம்பலும் உதவியது என்றே சொல்ல வேண்டும். கடிதம் முழுவதையும் எண்களாக்க நேரமாகும் என்பதால், பிரெஞ்சு அலுவலர்கள் முக்கியமான சொற்களை மட்டும் எண்களாக்கி எஞ்சியதைச் சாதாரண பிரெஞ்சிலேயே விட்டுவிட்டனர். முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டு நடுவிலுள்ள எண்ணின் பொருளை ஸ்கோவெல் ஊகித்தார். ஒரு கடிதத்தில் கிடைத்த விடை மற்றொரு கடிதத்தைத் திறந்தது.

1812 ஜூலையில் இதன் பயன் தெரிந்தது. சாலமங்கா அருகே வெலிங்டனும் பிரெஞ்சு மார்ஷல் மார்மோனும் ஏறக்குறைய சமபலத்துடன் நாள்கணக்கில் ஒருவரையொருவர் சுற்றிவந்தனர். நெப்போலியனின் அண்ணனும் ஸ்பெயின் அரியணையில் அமர்த்தப்பட்டவருமான ஜோசப், சுமார் 14,000 வீரர்களுடன் மார்மோனுக்கு உதவியாக மாட்ரிடிலிருந்து புறப்பட்டார். வருவதாக அவர் எழுதிய கடிதங்கள் வழியில் சிக்கின. அந்த உதவி வருவது வெலிங்டனுக்குத் தெரிந்திருந்தது, மார்மோனுக்குத் தெரியவில்லை. ஜூலை 22 அன்று மார்மோனின் படைவரிசை அளவுக்கு மீறி நீண்டபோது வெலிங்டன் தாக்கி வென்றார். கடிதமே போரை வென்றது என்று கூறுவது மிகை. அந்த இடைவெளியைக் கண்டது தளபதியின் கண். ஆனால் காத்திருந்தால் எதிரியின் பலம் கூடும் என்பதைக் கடிதமே உணர்த்தியது.

ஸ்கோவெலின் ஆவணங்கள் இன்று லண்டன் கியூ பகுதியிலுள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஏழு தொகுதிகளில் தீபகற்பப் போரின் வரலாற்றை எழுதிய சார்லஸ் ஓமன் அச்சங்கேதங்களுக்கு ஒரு பின்னிணைப்பை ஒதுக்கினார். எனினும் அவர் பொதுவாசகர்களிடையே பரவலாக அறியப்பட்டது, 2001-இல் மார்க் அர்பன் எழுதிய நூலுக்குப் பிறகுதான்.

கடிதங்களைப் பிடித்துத் தந்தவர்களுக்கு அந்த இடமும் கிடைக்கவில்லை. 1812 ஏப்ரலில் வேவு பார்க்கச் சென்ற அதிகாரி கோஹூன் கிராண்ட், உள்ளூர் வழிகாட்டியான லியோனுடன் பிரெஞ்சுப் படையிடம் பிடிபட்டார். கிராண்ட் ராணுவச் சீருடையில் இருந்ததால் போர்க்கைதியாக நடத்தப்பட்டார். மார்மோனின் விருந்திலும் அமர்ந்தார். பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது தப்பி, பாரிஸிலிருந்தே வெலிங்டனுக்குத் தகவல் அனுப்பினார். 1815-இல் வாட்டர்லூ போரின்போது உளவுப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். சீருடை இல்லாத லியோனைப் பிரெஞ்சுப் படையினர் பிடித்த கையோடு சுட்டுக் கொன்றனர்.