உங்களுக்குத் தெரியுமா? ஒரே பட்டத்தில் அக்காள் மொழியும் தங்கை மொழியும்

★ இரண்டு பாடங்களைச் சேர்த்துப் படித்து ஒரே பட்டம் வாங்குவதை பிரிட்டனில் 'ஜாயின்ட் ஆனர்ஸ்' என்பார்கள். ஸ்பானிஷோடு சட்டம் படிப்பவர்கள் உண்டு, வரலாறு படிப்பவர்கள் உண்டு. அதன் உடன்பிறப்பான போர்ச்சுகீசைச் சேர்த்துப் படிப்பதுதான் எனக்குப் பிடித்த ஜோடி.

★ கேம்பிரிட்ஜில் நவீன மொழிப் பட்டம் நான்கு ஆண்டு. சேரும்போதே இரண்டு மொழி எடுக்க வேண்டும். ஒன்றைப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மற்றதை அரிச்சுவடியிலிருந்து தொடங்கலாம். போர்ச்சுகீசில் ஒரு சொல்கூடத் தெரியாமல் போய்ச் சேரலாம். மூன்றாம் ஆண்டு வெளிநாட்டு வாசம்.

★ நம் வீட்டுச் சாவி போர்ச்சுகீசுக்காரர்கள் கொண்டுவந்த சொல். அவர்கள் இன்று அதை 'ஷாவ்' என்கிறார்கள். ஸ்பானிஷில் அதுவே 'யாவே'. மழை அங்கே 'ஷூவா', இங்கே 'யூவியா'. அழுவது 'ஷோரார்', 'யோரார்'. லத்தீனில் 'க்ல', 'ப்ல' என்று தொடங்கிய பல சொற்கள் ஒரு வீட்டில் 'ஷ' ஆகவும் மறு வீட்டில் 'ய' ஆகவும் மாறின. இன்னொரு உடன்பிறப்பான கத்தலான் மொழியோ பழையதை விடவில்லை: சாவிக்கு 'க்ளாவ்', மழைக்கு 'ப்ளூஜா'. இந்த ஒலிமாற்றம் பிடிபட்டுவிட்டால், படிக்காத சொல்லையும் மாணவரால் ஊகிக்க முடியும். உறவு மொழிகளைச் சேர்த்துப் படிப்பதன் பெரிய லாபமே இதுதான்.

★ உறவே காலை வாரிவிடவும் செய்யும். 'போல்வோ' ஸ்பானிஷில் தூசி. அதே எழுத்துகளில் போர்ச்சுகீசில் ஆக்டோபஸ். ஸ்பானிஷில் சாப்பாடு அருமை என்று பாராட்டும் சொல் 'எக்ஸ்கிஸீத்தோ'. அதன் சாயலில் போர்ச்சுகீசிலும் ஒன்று இருக்கிறது, பொருள் 'விசித்திரமானது'. பிரேசிலில் ஒரு வீட்டில் விருந்துண்டுவிட்டு இதைச் சொன்னால், பரிமாறியவர் முகம் வாடிவிடும்.

★ காஸ்டில் நாட்டை 1252 முதல் 1284 வரை ஆண்ட பத்தாம் அல்ஃபோன்ஸோ, சட்டத்தையும் வரலாற்றையும் தன் நாட்டு ஸ்பானிஷில் எழுதவைத்தார். மரியன்னை மீதான 400க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு மட்டும் போர்ச்சுகீசின் பழைய வடிவமான கலீசிய-போர்ச்சுகீசை எடுத்துக்கொண்டார். ஸ்பானிஷை மட்டும் படித்தவர் அந்தப் பாடல்களுக்கு மொழிபெயர்ப்பைத்தான் நாட வேண்டும்.



★ ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்பானிஷை அரபியோடு சேர்த்தும் படிக்கலாம். பிறப்பால் உறவில்லை, ஆனால் பல நூற்றாண்டுகள் ஒரே மண்ணில் வாழ்ந்த பழக்கம். சர்க்கரை, எண்ணெய், தலையணை ஆகியவற்றுக்கு ஸ்பானிஷில் உள்ள சொற்கள் அரபியிலிருந்து வந்தவை. 'அப்படி நடக்க வேண்டுமே' என்று ஏங்கும்போது ஸ்பானியர் 'ஓஹலா' என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது 'அல்லாஹ்'.