பூட்டிய கைபேசிக்குள் குடும்பப் படங்கள்

திருமலையில் தரிசனத்திற்குச் செல்வோர் கைபேசியுடன் கோயிலுக்குள் நுழைய முடியாது. வரிசையில் சேரும் முன்னர் தேவஸ்தானத்தின் காப்பு மையத்தில் அதனை ஒப்படைத்துச் சீட்டுப் பெற வேண்டும். தரிசனம் முடிந்து வந்து, சீட்டைக் காட்டி மீட்டுக்கொள்ள வேண்டும். இடைப்பட்ட சில மணி நேரத்திலும் பலருடைய மனம் அந்தக் கைபேசியையே சுற்றி வருகிறது. அதன் விலை மட்டும் இதற்குக் காரணமன்று. குழந்தைக்கு முடியிறக்கிய நாளின் படமும், காணிப்பாக்கம் விநாயகர் கோயில் வாயிலில் குடும்பத்தார் கூடி நின்ற படமும், இன்று நம்மிடையே இல்லாத பாட்டியின் சிரிப்பும் அதற்குள்தான் இருக்கின்றன.

முந்தைய தலைமுறை இத்தகைய படங்களை ஆல்பங்களில் ஒட்டிப் பீரோவில் வைத்துப் பாதுகாத்தது. ஆல்பத்திற்குக் கடவுச்சொல் கிடையாது; வீட்டில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். இன்று ஒரு குடும்பத்தின் பத்தாண்டு நினைவுகள் நான்கு அல்லது ஆறு இலக்க எண்ணுக்குப் பின்னால் இருக்கின்றன. கைபேசி தொலைந்தாலோ, உரியவர் அந்த எண்ணை மறந்தாலோ, அவரே மறைந்தாலோ, அப்படங்களை மீட்பது எவ்வாறு? இம்மூன்று நிலைகளுக்கும் வழிகள் வெவ்வேறானவை.

பெட்டகமும் கைபேசியும்

வங்கிப் பெட்டகத்தைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று வாடிக்கையாளரிடமும் மற்றொன்று வங்கியிடமும் இருக்கும். வாடிக்கையாளர் தம் சாவியைத் தொலைத்துவிட்டால், உரிய விண்ணப்பத்தைப் பெற்று, விதிகளுக்கு உட்பட்டு, அவர் முன்னிலையில் பூட்டை உடைத்துத் திறக்க இயலும். அதற்குப் பின்னரும் உள்ளே இருக்கும் நகையும் பத்திரமும் அப்படியே இருக்கும்.

கைபேசியின் நிலை வேறு. 2019-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10 பதிப்பு முதல், புதிய ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்திலும் தரவுகள் மறையாக்கம் செய்யப்பட்டே சேமிக்கப்படுகின்றன. ஐபோன்களில் அதற்கு முன்பிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. நாம் இடும் எண்ணும், கைபேசியின் சில்லுக்குள் புதைந்துள்ள இரகசியக் குறியீடும் சேர்ந்தே படங்களுக்கான சாவியாகின்றன. ஆகவே நினைவகச் சில்லைக் கழற்றி வேறு கருவியில் பொருத்தினாலும் பொருளற்ற குறிகளே கிடைக்கும். பிழையான எண்ணை மீண்டும் மீண்டும் இட்டால் காத்திருப்பு நேரம் நீண்டுகொண்டே போகும். ஐபோனில் அதற்குரிய அமைப்பு இயக்கப்பட்டிருந்தால், 10 முறை தவறியதும் தரவுகள் முற்றாக அழிந்துவிடும்.

அமெரிக்காவில் 2015 டிசம்பரில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டு வழக்கொன்றில், குற்றவாளியின் ஐபோனைத் திறக்க அந்நாட்டின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யே நீதிமன்றத்தை நாடியது. பூட்டைத் தளர்த்தும் மென்பொருளை உருவாக்க ஆப்பிள் நிறுவனம் மறுத்தது. 2016 மார்ச்சில் வெளியார் ஒருவரின் உதவியுடனேயே அந்தக் கைபேசி திறக்கப்பட்டது.

இதனை அறிந்தால், பழுதுபார்ப்புக் கடைகளில் சொல்லப்படும் ‘அன்லாக்’ என்னும் சொல்லைக் கவனத்துடன் கேட்கத் தோன்றும். பெரும்பாலும் அதன் பொருள், கைபேசியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது என்பதே. கைபேசி மீண்டும் பயன்படும். படங்களுக்கான சாவியோ அழிந்துபோகும். எனவே கருவியைக் கையில் கொடுக்கும் முன்னர், “உள்ளே உள்ள படங்கள் அப்படியே இருக்குமா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்பது இன்றியமையாதது.

இவ்வளவு கடுமையான பூட்டு எதற்கு என்று வருந்த வேண்டியதில்லை. கைபேசி பிறர் கையில் சிக்கும்போது நமது வங்கிச் செயலிகளைக் காப்பதும் இதே பூட்டுத்தான்.

கைபேசி தொலைந்தால்

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் இரயிலிலோ, சித்தூர்ப் பேருந்து நிலையத்தின் நெரிசலிலோ கைபேசி காணாமற்போனால், முதலில் பணத்தைக் காக்க வேண்டும். வங்கியைத் தொடர்புகொண்டு இணையவழி வங்கிச் சேவையையும் யு.பி.ஐ.யையும் நிறுத்தச் சொல்லுங்கள். சிம் அட்டையை முடக்குங்கள். பணம் ஏற்கெனவே களவாடப்பட்டிருப்பின் 1930 என்னும் உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

அடுத்தது காவல் துறை. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது; இரு மாவட்டங்களுக்கும் தனித்தனிக் காவல் நிர்வாகம் உள்ளது. காணாமற்போன கைபேசிகளைக் குறித்து வாட்ஸ்அப் மூலம் புகார் பெறுவதற்குத் திருப்பதிக் காவல் துறை ‘மொபைல் ஹண்ட்’ என்னும் சேவையையும், சித்தூர்க் காவல் துறை ‘சாட்பாட்’ என்னும் சேவையையும் தொடங்கின. மீட்கப்பட்ட கைபேசிகளை உரியவர்களிடம் ஒப்படைக்கும் நிகழ்ச்சிகள் இரு நகரங்களிலும் நடைபெற்றுள்ளன.

நாடு முழுமைக்குமான ஏற்பாடும் உண்டு. தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில், புகாரின் நகலையும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் அளித்தால் கைபேசி எந்த நிறுவனத்தின் இணைப்பிலும் இயங்காதவாறு முடக்கப்படும். யாரேனும் அதில் வேறு சிம்மைப் பொருத்தினால் அத்தகவல் காவல் துறைக்குக் கிட்டும். 15 இலக்கங்கள் கொண்ட இந்த எண் கைபேசிப் பெட்டியிலும் ரசீதிலும் இருக்கும். *#06# என்று அழுத்தினாலும் திரையில் தோன்றும். இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டு வரும் கைபேசியில் படங்கள் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. எடுத்தவர் அதனை அழித்துப் புதிதாக்கியிருக்கலாம். அதேபோல், தொலைவிலிருந்தே தரவுகளை அழிக்கும் வசதியை நாமே பயன்படுத்துவதற்கு முன்னர், வேறொரு கருவியில் நமது கூகுள் போட்டோஸ் அல்லது ஐகிளவுட் கணக்கைத் திறந்து, படங்கள் அங்கே வந்து சேர்ந்துள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும்.

எண் மறந்துபோனால்

கைபேசி கையில் இருந்து எண் மட்டும் மறந்துபோனால், அவசரப்பட்டு முயன்றுகொண்டே இருத்தல் கூடாது. படங்கள் வேறெங்கே இருக்கக்கூடும் என்று முதலில் தேடுங்கள். கணினியில் கூகுள் போட்டோஸ் தளத்தையோ ஐகிளவுட் தளத்தையோ திறந்து பாருங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உள்ள உறவினர்களின் கைபேசிகளைப் பாருங்கள். படங்கள் மெமரி கார்டில் சேமிக்கப்பட்டு, அது தனியே மறையாக்கம் செய்யப்படாதிருந்தால், அதனைக் கழற்றி வேறு கருவியில் படிக்கலாம். திரை உடைந்ததே சிக்கல் என்றால் வழி எளிது: திரையை மட்டும் மாற்றி, வழக்கமான எண்ணை இட்டுத் திறக்கலாம்.

கூகுள் கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இல்லையெனில், மீட்புக் குறியீடு பெரும்பாலும் பதிவு செய்த கைபேசி எண்ணுக்கே வரும். எனவே அந்தச் சிம் உயிருடன் இருக்க வேண்டும். 90 நாட்கள் பயன்பாடின்றி இருக்கும் எண் துண்டிக்கப்படலாம். படங்கள் தவறுதலாக அழிக்கப்பட்டிருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். காப்புப்படியில் சேர்ந்த படங்கள் கூகுள் போட்டோஸின் குப்பைத் தொட்டியில் 60 நாட்கள் வரை இருக்கும்.

உரியவர் மறைந்தால்

மூன்று நிலைகளில் மிகவும் துயரமானது இதுவே. இலண்டனைச் சேர்ந்த ஒரு பெண்மணி, 2015-இல் மறைந்த தம் கணவரின் ஆப்பிள் கணக்கில் இருந்த சுமார் 4,500 படங்களையும் 900 காணொளிகளையும் மகளுக்காகப் பெற விரும்பினார். நீதிமன்ற ஆணை வேண்டும் என்றது நிறுவனம். பல ஆண்டு அலைச்சலுக்குப் பின்னர் 2019-இல்தான் ஆணை கிடைத்தது. அதே ஆண்டு நியூயார்க் நீதிமன்றமும், மறைந்த ஒருவரின் படங்களை அவர் துணைவருக்கு வழங்குமாறு ஆணையிட்டது. இரு வழக்குகளிலும் உறவு குறித்து ஐயம் எதுவும் இல்லை. மறைந்தவர் தம் விருப்பத்தை முன்னரே பதிவு செய்யாததே குறை.

நம் வீட்டில் இத்தகைய நிலை நேர்ந்தால், கைபேசியை அழித்துப் பிறருக்குக் கொடுத்துவிடாதீர்கள். மறைந்தவரின் சிம்மை உடனே துண்டிக்காமல், இறப்புச் சான்றிதழ் அளித்து வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கூகுளும் ஆப்பிளும் குடும்பத்தாரின் கோரிக்கையைப் பெறத் தனி வழிமுறைகளை வைத்துள்ளன. காலம் தாழ்த்தவும் கூடாது: 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை, படங்கள் உட்பட, கூகுள் நீக்கிவிடக்கூடும். ஒன்றை மட்டும் உறுதியாக நினைவிற்கொள்ளுங்கள். மறைந்தவரின் கைபேசியைக் கொண்டு அவர் கணக்கிலிருந்து பணம் எடுத்தல் கூடாது. கிளைக்குத் தெரிவித்து, உரிய முறையில் கோருவதே சரியான வழி.

படங்களுக்கும் ஒரு நியமனம்

வைப்புத் தொகைக்கு நியமனதாரரைப் பதிவு செய்வதன் பயனை வாடிக்கையாளர்கள் நன்கு அறிவர். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குக்கு 4 பேர் வரை நியமிக்கலாம். 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இறப்பு அல்லது செயலிழப்பு நேரும்போது நம் தரவு உரிமைகளைச் செலுத்துவதற்கு ஒருவரை நியமிக்க இடமளிக்கிறது.

படங்களுக்கும் இவ்வசதி ஏற்கெனவே இருக்கிறது. கூகுள் கணக்கின் அமைப்புகளில் ‘இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்னும் பகுதி 2013 முதல் உள்ளது. நாம் குறிப்பிட்ட காலம் கணக்கைப் பயன்படுத்தாவிட்டால், நாம் தேர்ந்தெடுத்த 10 பேர் வரை தகவல் பெறுவர். எந்தத் தரவை யாருக்கு அளிப்பது என்பதையும் நாமே வரையறுக்கலாம். மகளுக்குப் படங்களை மட்டும் அளித்து, மின்னஞ்சலை அளிக்காமல் விடலாம். ஐபோன் வைத்திருப்போர் 2021 டிசம்பர் முதல் ‘லெகசி காண்டாக்ட்’ என்ற பெயரில் 5 பேர் வரை சேர்க்கலாம். அவர்களுக்கு ஓர் அணுகு குறியீடு வழங்கப்படும். அக்குறியீட்டையும் இறப்புச் சான்றிதழையும் அளித்துப் படங்களைப் பெறலாம். இம்முறையில் திரைப்பூட்டு எண்ணையோ யு.பி.ஐ. எண்ணையோ யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

நியமனம் பயன்பட வேண்டுமெனில், படங்கள் முதலில் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். கூகுள் இலவசமாக அளிக்கும் 15 ஜி.பி. இடம் நிரம்பியதும் காப்புப்படி எடுப்பது நின்றுவிடும். பலர் இதனைக் கவனிப்பதில்லை. கடைசியாக எந்த நாளின் படம் சேர்ந்துள்ளது என்று அவ்வப்போது பாருங்கள். ஆண்டுக்கொருமுறை மற்றொரு படியை வன்தட்டில் எடுத்து வையுங்கள். மிக முக்கியமான சில படங்களை அச்சிட்டு ஆல்பத்தில் சேருங்கள்.

நமது வங்கிக் கணக்கில் நியமனதாரரின் பெயர் சரியாக உள்ளதா என்று பார்க்க அமரும் அதே நாளில், இன்னும் பத்து நிமிடம் ஒதுக்கிப் படங்களுக்கான நியமனத்தையும் முடித்துவிடுங்கள். வீட்டில் மூத்தோர் இருப்பின், அவர்களுடைய கைபேசியை அவர்கள் அருகிலேயே அமர்ந்து, யாருக்கு எதை விட்டுச்செல்ல விரும்புகிறார்கள் என்று கேட்டு, அவர்கள் கையாலேயே பதிவு செய்ய உதவுங்கள்.