நூறு அடி போனால் ஐந்து அடி



"கொத்தனார் வேலைக்கு மூணு வருஷம் படிக்கணுமாடா?" என்று சிவில் பசங்களைக் கிண்டல் செய்யும் மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எங்க அப்பா நிஜமாகவே கல் கட்டுகிறவர். கொல்லிமலை அடிவாரம் எங்க ஊர். எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள அந்த மலைச்சாலையில், மழைக்குச் சரிந்த சுவரைத் திரும்பக் கட்டும்போது அப்பாவுக்கும் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும்.

போன செமஸ்டரில் "மலைச்சாலைகள்" என்று எனக்கு செமினார் தலைப்பு வந்தது. தேடியபோது கிடைத்ததுதான், அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் உள்ள பழைய கொலம்பியா நதிச் சாலை.

கொலம்பியா நதி காஸ்கேட் மலைத்தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு பசிபிக் கடலுக்குப் போகிறது. அறுத்த இடம் பெரிய பள்ளத்தாக்கு. அதன் தென்கரையில், போர்ட்லண்ட் நகருக்குக் கிழக்கே ட்ரவுட்டேல் என்ற ஊரிலிருந்து தி டேல்ஸ் வரை சுமார் 75 மைலுக்கு இந்தச் சாலையைப் போட்டார்கள். 1913-ல் ஆரம்பித்து 1922-ல் முடித்தார்கள்.

ஒரே சாலையில் இத்தனை அருவி எப்படி? லட்டுரெல் அருவி, பிரைடல் வெயில் அருவி, 620 அடி உயர மல்ட்னோமா அருவி என்று வரிசையாக வருகின்றன. இதற்குக் காரணம் வெள்ளம். சுமார் 15,000 வருஷத்துக்கு முன், மிசூலா என்ற பெரிய ஏரியைப் பனிக்கட்டி அணை போல அடைத்திருந்தது. அந்த அணை பல தடவை உடைந்தது. ஒவ்வொரு தடவையும் வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கு வழியாக வந்து, எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையைச் செங்குத்தாகச் செதுக்கியது. பக்கத்து ஓடைகள் மேலேயே நின்றுவிட்டன. அவைதான் இன்று அருவியாகக் குதிக்கின்றன. இப்படி ஒரு மாபெரும் வெள்ளம் வந்தது என்று 1923-ல் எழுதியவர் ஜே ஹார்லென் பிரெட்ஸ். பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியாராக இருந்து, பிறகு நிலவியல் படித்தவர். பெரிய பெரிய நிபுணர்கள் பல வருஷம் நம்பவில்லை. 1979-ல்தான் அவருக்கு பென்ரோஸ் பதக்கம் கொடுத்தார்கள்!

இனி சாலைக்கு வருவோம். இதை வடிவமைத்த என்ஜினீயர் சாமுவேல் லங்காஸ்டர். 1908-ல் சாம் ஹில் என்பவரோடு பாரிஸ் சாலை மாநாட்டுக்குப் போனவர், ஐரோப்பாவின் மலைச்சாலைகளையும் பழைய கல் சுவர்களையும் பார்த்து வந்தார். கொலம்பியாவில் அவர் முதலில் பார்த்தது அழகான இடங்கள் எங்கே என்றுதான். அந்த இடங்களைத் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி சாலையை வளைத்தார். ஆனால் மூன்று கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை.

1. சாலை அகலம் 24 அடி.
2. ஏற்றம் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. அதாவது நூறு அடி போனால் ஐந்து அடிதான் ஏறலாம்.
3. வளைவின் ஆரம் 100 அடிக்குக் குறையக் கூடாது.

ஏன் 5 சதவீதம்? மெக்கானிக்கல் நண்பர்களே, அந்தக் கால ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்கிலிருந்து தானாக இறங்கி வரவேண்டும். ஏற்றம் அதிகமானால் என்ஜினுக்குப் பெட்ரோல் போகாது. ரிவர்ஸ் கியரில் மலை ஏறினவர்கள் உண்டு! நம் பாடத்திலும் மலைப்பகுதிக்கு ரூலிங் கிரேடியண்ட் 1-க்கு 20 என்றுதானே வருகிறது? அதுவும் இதே 5 சதவீதம்தான்.

கிரவுன் பாயிண்ட் என்ற பாறை 733 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே 1918-ல் கட்டி முடித்த விஸ்டா ஹவுஸ் என்ற எட்டுப்பக்கக் கட்டடத்தில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அங்கிருந்து லட்டுரெல் அருவிக்குப் போகச் சாலை சுமார் 600 அடி இறங்கவேண்டும். 1-க்கு 20 என்றால் 12,000 அடி, ஏறக்குறைய மூன்றே முக்கால் கிலோமீட்டர் சாலை தேவை. நேராகப் போக இடமில்லை. அதனால் எட்டு என்ற எண் போல சாலையைச் சுற்றிச் சுற்றி இறக்கினார் லங்காஸ்டர். இந்தக் கணக்கை போர்டில் போட்டபோதுதான் எனக்கே பாடம் புரிந்தது.

மல்ட்னோமா பக்கத்தில் இன்னொரு சிக்கல். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் ஏற்கனவே ஓடும் ரயில் பாதை. அங்கே மலைச்சரிவை ஒட்டியே கான்கிரீட் தூண்கள் எழுப்பி, அதன் மேல் சாலையைக் கொண்டுபோனார்கள். சாலையோரக் கல் சுவர்களைக் கட்டினவர்கள் இத்தாலியிலிருந்து போன கொத்தனார்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் போட்டதும் நிலைக்கவில்லை. 1950-களில் நதியோரமாகப் புது நெடுஞ்சாலை வந்ததும் பழையது துண்டு துண்டானது. ஐந்து ஜன்னல் வைத்துக் குடைந்த மிட்செல் பாயிண்ட் சுரங்கத்தை 1966-ல் தகர்த்தார்கள். அப்புறம்தான் அருமை தெரிந்தது. மிச்சத்தைச் சேர்த்து, கார் போகாத பகுதிகளை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதையாக்கினார்கள். 2000-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தார்கள். 2017-ல் ஒரு 15 வயதுப் பையன் விளையாட்டாக வீசிய பட்டாசில் கிட்டத்தட்ட 50,000 ஏக்கர் எரிந்தது. சுற்றுலா போகிற நாமும் இதை யோசிக்கவேண்டும்.

செமினார் முடிந்து ஊருக்குப் போனபோது அந்தக் கல் சுவரின் படத்தை அப்பாவிடம் போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். சுவரின் அடியில் வளைவு வளைவாக இருந்த திறப்புகளைத் தொட்டு, "இது தண்ணி போறதுக்கு, கண்ணு. சாலையில தண்ணி நின்னா சுவரையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிரும்" என்றார். வகுப்பில் நாற்பது பேரில் ஒருத்தருக்கும் அந்தத் திறப்பு கண்ணில் படவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

பிறகு ஒன்று சொன்னார். ஒரு தடவை அவசரத்தில் சுவருக்குள் தண்ணீர் வெளியேறும் ஓட்டை விடாமலே கட்டச் சொன்னார்களாம். இவர் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த மழைக்குச் சுவர் சாய்ந்தது. "நான் சொன்னா யாரு கேக்கறாங்க? நீ அந்த எடத்துக்கு வரும்போது ஓட்டைய மறந்துராத" என்றார்.

லங்காஸ்டர் பெயரை செமினாரில் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். அந்த இத்தாலிக் கொத்தனார்களில் ஒருவர் பெயரைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்கு நாம் சூப்பர்வைசராகப் போய் நிற்போம். கையில் பிளான் இருக்கும். பக்கத்தில் கல் தூக்குகிறவர் ஏதாவது சொன்னால், நின்று கேட்போம் நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு, சிவில்