உங்களுக்குத் தெரியுமா? பிரேக் எண்ணெய் தண்ணீர் குடிக்கும்!

மூடியை இறுக்கி மூடினாலும், ரப்பர் குழாய் வழியே காற்றின் ஈரம் உள்ளே போகும். புதிய டாட் 3 எண்ணெய் கொதிக்கக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் 140 போதும். கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது.

• கூலாய் போன்ற, ஆண்டு முழுதும் ஈரக்காற்று வீசும் ஊரில் பழைய புரோட்டோன் சாகாவோ பெரோடுவா கஞ்சிலோ வைத்திருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

• பெடல் பஞ்சுபோல் அமுங்கி, நாலைந்து முறை மிதித்ததும் இறுகினால் பெரும்பாலும் உள்ளே காற்று. மிதித்த கால் மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் பம்ப் ரப்பரைச் சந்தேகியுங்கள்.

• காற்றெடுப்பது வழக்கமாக மாஸ்டர் பம்புக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கும். நம் வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் அது பின் இடச்சக்கரம். சில கார்களுக்கு வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள். பெடலை மிதித்தபடி இருக்கும்போதே, காற்றை வெளியேற்றத் திறந்த நிப்பிளை மூட வேண்டும். முந்திக் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும்.

• சிந்திய எண்ணெய் பெயிண்டை அரிக்கும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.