எல்லைக் கோடும் இல்லத்து வாசலும்

நாட்டிற்கு எல்லை உண்டு. அந்த எல்லையைக் காக்கும் அரசின் அதிகாரத்திற்கும் எல்லை உண்டா? இவ்வினாவை நெடுங்காலமாக நீதிமன்றங்களில் ஆராய்ந்துவரும் நாடு அமெரிக்கா. அங்கு நிகழ்ந்தவை நம் சிந்தனைக்கும் உரியவை.

ஆங்கிலேயர் அந்நாட்டை ஆண்ட காலத்தில், சுங்க அதிகாரிகள் பொது ஆணை ஒன்றைக் கையில் ஏந்தி, கடத்தல் பொருளைத் தேடுவதாகக் கூறி, எவ்வீட்டிலும் நுழையலாம் என்ற நிலை இருந்தது. 1761-இல் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்னும் வழக்கறிஞர் இதனை எதிர்த்து வாதாடினார். வழக்கில் வெற்றி கிட்டவில்லை. ஆயினும் அக்குரல் மறையவில்லை. 1791-இல் ஏற்கப்பட்ட அரசியலமைப்பின் நான்காம் திருத்தம், மக்களின் உடல், இல்லம், தாள்கள், உடைமைகள் ஆகியவற்றை நியாயமற்ற முறையில் சோதனையிடுவதைத் தடை செய்தது.

நகர்ந்து வந்த எல்லை

நாட்டிற்குள் நுழைவோரைச் சோதனையிட நீதிபதியின் ஆணை தேவையில்லை என்பது தொடக்கமுதல் இருந்துவரும் விதிவிலக்கு. வருபவர் யார், கொண்டுவருவது யாது என்று அறியும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. அதனை யாரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் 1946-இல் ஒரு சட்டம், எல்லையிலிருந்து ‘நியாயமான தொலைவு’ வரை ஆணையின்றி வாகனங்களைச் சோதிக்கலாம் என்றது. 1953-இல் அத்தொலைவு 100 மைல் என வகுக்கப்பட்டது. கடற்கரையும் எல்லையே ஆதலின், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற மாநகரங்களும் இவ்வட்டத்துள் அடங்கின. அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இதற்குள் வாழ்கின்றனர்! 25 மைலுக்குள் தனியார் நிலங்களிலும் காவலர் நுழையலாம். குடியிருக்கும் வீட்டின் வாசலில் மட்டும் சட்டம் அவர்களை நிறுத்தி வைத்தது.

கலிபோர்னியாவில், எல்லைக்கு வடக்கே சுமார் 25 மைல் தொலைவில், எல்லையைத் தொடாத சாலை ஒன்றில் மெக்சிகோ நாட்டவர் ஒருவரின் காரைக் காவலர் நிறுத்தினர். ஐயத்திற்கு யாதொரு காரணமும் இல்லை. ஆயினும் சோதித்தனர், கஞ்சா அகப்பட்டது. 1973-இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அச்சோதனை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவர் குற்றமற்றவர் என்பதனால் அன்று. குற்றவாளியைப் பிடிப்பதற்கும் அரசு நேர்வழியிலேயே செல்ல வேண்டும் என்பதனால்.

1975-இல், மெக்சிகர் போன்ற தோற்றம் ஒன்றையே காரணமாக்கி, சுற்றுக்காவல் படையினர் ஒருவரை நிறுத்தலாகாது என்றும் அது கூறியது. ஆனால் அடுத்த ஆண்டே, நிலையான சோதனைச் சாவடிகளில் ஐயமின்றியே வண்டிகளை நிறுத்தி வினவலாம் என்று இசைந்தது. ஒரு கதவு மூட, மற்றொன்று திறந்தது.

பெட்டிக்குள் அடங்காத உடைமை

இன்று எல்லை கைபேசிக்குள்ளும் நுழைந்துள்ளது. கைதானவரின் கைபேசியைக்கூட ஆணையின்றி ஆராயலாகாது என 2014-இல் அதே நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நாட்டின் நுழைவாயிலிலோ அக்காவல் முழுமையாக இல்லை. 2016-ஆம் நிதியாண்டில் 19,051 ஆக இருந்த மின்னணுக் கருவிச் சோதனைகள், 2024-இல் 47,000-ஐக் கடந்தன. பயணிகளில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கே இது நேர்கிறது என்பது உண்மை. எனினும் துணிப்பெட்டியைத் திறப்பதும், கணவன் மனைவிக்கு எழுதிய மடலையும் நோயாளியின் மருத்துவக் குறிப்பையும் திறப்பதும் ஒன்றாகுமா?

திருச்சபையின் நோக்கு

மனிதன் அரசிற்கு முந்தியவன் என்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் கற்பித்தார். மனித உரிமைகளைப் பேணுவதே ஆட்சியாளரின் தலையாய கடமை என்று 23-ஆம் அருளப்பர் 1963-இல் வெளியிட்ட சுற்றுமடலில் வலியுறுத்தினார். அதிகாரத்திற்குக் கீழ்ப்படியுமாறு உரோமையருக்கு எழுதிய புனித சின்னப்பரே, எருசலேமில் தம்மை வாரால் கட்டிச் சாட்டையால் அடிக்க முற்பட்டபோது, தீர்ப்பிடப்படாத உரோமைக் குடிமகனை அடிப்பது முறையாகுமோ என்று வினவினார். ஆயிரத்தவர் தலைவன் அஞ்சிப் பின்வாங்கினான். கீழ்ப்படிதலும் உரிமையைக் கேட்டலும் ஒரே மனச்சான்றின் இரு கரங்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆதலால் அன்பர்களே, சட்டத்தை மதித்து நடக்கவும், கடத்தலுக்குத் துணை போகாதிருக்கவும் நம் மக்களுக்குக் கற்பிப்போம். அதனுடன், தோற்றத்தைக் கொண்டு அயலானைக் கள்வனென எண்ணாதிருக்கவும் கற்பிப்போம். ‘குற்றமற்றவன் ஏன் அஞ்ச வேண்டும்?’ என்று கேட்பவருக்கு ஒரு மறுமொழி உண்டு: குற்றமற்றவன் அஞ்சாமல் வாழ்வதற்காகவே அரசு ஏற்பட்டது. ஆள்வோர் இதனை மறவாதிருக்க அவர்களுக்காக நாளும் செபிப்போம்.