வீட்டுத் தொலைபேசியில் ஒரு மாறுதல்

அலுவல் நிமித்தமாகவும் தொழில் நிமித்தமாகவும் வெளி மாநிலங்களில் வாழ்ந்து வரும் நம்மில் பலர், ஞாயிற்றுக்கிழமை காலையில் முதற்காரியமாகச் செய்வது ஊருக்குத் தொலைபேசியில் பேசுவதேயாகும். கைப்பேசி எல்லார் கையிலும் வந்துவிட்ட இந்நாளிலும், வயது முதிர்ந்த பெற்றோர் தனித்திருக்கும் இல்லங்கள் சிலவற்றில், கூடத்து மேஜைமீது பழைய தொலைபேசி வீற்றிருக்கக் காண்கிறோம். அதற்கு மின்னூட்டம் செய்ய வேண்டியதில்லை. அதைக் கையாளக் கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. மணி அடித்தால் எடுத்துப் பேச வேண்டியதுதான். அத்தொலைபேசி இப்பொழுது ஒரு பெரிய மாறுதலுக்கு உட்பட்டு வருகிறது. செம்புக் கம்பி நீங்கிக் கண்ணாடி இழை வருகிறது. அனலாக் முறை நீங்கி டிஜிட்டல் முறை வருகிறது. இம்மாறுதல் யாது, இதனால் விளையும் நன்மை யாது, நாம் எச்சரிக்கையாயிருக்க வேண்டிய இடம் யாது என்பவற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

அரசாங்க அறிவிப்புகளைத் தமிழாக்குவது நமது தொழில். ‘அனலாக்’ என்பதை ‘ஒப்புமை முறை’ என்றும், ‘டிஜிட்டல்’ என்பதை ‘இலக்க முறை’ என்றும் எழுதுகிறோம். இவ்விரு சொற்களிலேயே விஷயத்தின் சாரம் அடங்கியிருக்கிறது. நாம் பேசும்போது காற்றில் அலைகள் எழுகின்றன. ஒப்புமை முறையில், அவ்வலை ஏறினால் கம்பியில் ஓடும் மின்சாரமும் ஏறும். அலை இறங்கினால் மின்சாரமும் இறங்கும். குரலுக்கு ஒப்பாக மின்சாரம் நடக்கிறது. 1876-ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் உரிமை பெற்ற தொலைபேசி இவ்வாறே இயங்கியது. இதில் ஒரு குறை உண்டு. தூரம் செல்லச் செல்லக் குரல் தேய்கிறது. அதைப் பெருக்கிக் காட்டினால், வழியில் சேர்ந்த இரைச்சலும் உடன் பெருகிவிடுகிறது. டிரங்கு காலில் தொண்டை வறளக் கத்திப் பேசிய அந்நாளைய அனுபவம் நம்மில் மூத்தோருக்கு நினைவிருக்கும்.

இலக்க முறையில் நடப்பது வேறு. ஒரு விநாடிக்கு 8,000 தடவை குரலின் உயரம் அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் சுழியும் ஒன்றுமாகிய எட்டு இலக்கங்களால் குறிக்கப்படுகிறது. ஆக, விநாடிக்கு 64,000 இலக்கங்கள் புறப்பட்டுச் செல்கின்றன. இவற்றைப் பெறும் யந்திரம், வந்தது சுழியா ஒன்றா என்று மட்டும் தீர்மானித்தால் போதும். இடையில் சிறிது இரைச்சல் கலந்தாலும், அதை ஒதுக்கிவிட்டு இலக்கத்தைப் புதிதாக எழுதி அனுப்பிவிடலாம். ஆதலால் தில்லியில் பேசும் குரலும் அடுத்த தெருவில் பேசும் குரலும் ஒரே தெளிவுடன் கேட்கின்றன. இம்முறையை 1937-ஆம் ஆண்டிலேயே அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலார் வகுத்துவிட்டார். அதனை மலிவாகச் செயற்படுத்தும் மின்னணுச் சாதனங்கள் தோன்றுவதற்குத்தான் பல ஆண்டுகள் பிடித்தன.

நம் நாட்டில் இம்மாறுதல் இரண்டு படிகளாக நிகழ்ந்தது. 1984-ஆம் ஆண்டில் மத்திய அரசு ‘சி-டாட்’ என்னும் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. சாம் பித்ரோடா முதலியோர் அதற்கு ஊக்கமளித்தனர். வெளிநாட்டு இணைப்பகங்களுக்குக் குளிர்சாதன அறை வேண்டியிருந்தது. நமது கிராமங்களிலோ வெயிலும் புழுதியும் மிகுதி. அச்சூழ்நிலையிலும் குளிர்சாதன வசதியின்றி இயங்கக்கூடிய, 128 முனைகள் கொண்ட சிறு டிஜிட்டல் இணைப்பகம் ஒன்றை இந்நிலையத்தார் அமைத்தனர். 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் அது முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. பின்னர் நாடெங்கும் பல்லாயிரம் கிராமங்களுக்கு இத்தகைய இணைப்பகங்கள் சென்றன.

இந்த முதற்படியில் மாறியது இணைப்பகம் மட்டுமே. அங்கிருந்து வீடு வரையில் பழைய செம்புக் கம்பியே நீடித்தது. அக்கம்பி குரலைச் சுமந்ததோடு, இணைப்பகத்திலுள்ள மின்கலங்களிலிருந்து 48 வோல்ட் மின்சாரத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஊர் முழுவதும் இருளில் மூழ்கினாலும் தொலைபேசி மட்டும் உயிரோடிருந்ததன் இரகசியம் இதுவே.

இப்பொழுது நடைபெறுவது இரண்டாம் படி. கண்ணாடி இழை வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பல இடங்களில் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இழையோடு இணையமும் கிடைக்கிறது. மழையில் ஊறிக் கம்பி கரகரக்கும் தொல்லை இல்லை. இவையெல்லாம் மெய்யான நன்மைகளே. ஆயினும் கண்ணாடி இழையில் ஓடுவது ஒளி. தொலைபேசியை இயக்கும் மின்சாரத்தை அது கொண்டுவருவதில்லை. வீட்டுச் சுவரில் பொருத்தும் சிறு பெட்டியே ஒளியைக் குரலாக மாற்றித் தருகிறது. அப்பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும்.

இவ்வுண்மையை நாம் அறிந்துகொண்ட விதத்தைச் சொல்லுதல் பொருந்தும். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர் மாவட்டத்தில், வெதுருகுப்பத்தை அடுத்து எங்கள் பூர்வீக இல்லம் உள்ளது. ‘வெதுரு’ என்றால் தெலுங்கில் மூங்கில். அங்கே எங்கள் தாயார் தனியே வசிக்கிறார். இழை இணைப்புப் பொருத்த வந்தவர்கள் பெட்டியை மாட்டி, மணி அடித்துக் காட்டிவிட்டுச் சென்றார்கள். மின்சாரம் பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து, ஐப்பசி மாதத்து அடைமழை இரவொன்றில் மின்சாரம் நின்றது. நாம் தில்லியிலிருந்து அழைக்கிறோம், பதில் இல்லை. நள்ளிரவுக்குப் பின் அண்டை வீட்டாரின் கைப்பேசி கிடைத்து, அவர்கள் குடை பிடித்துச் சென்று பார்த்து வரும்வரையில் நாம் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தாயார் நலமாகவே இருந்தார். இருளில் வழுக்கி விழுந்து, சிறு காயத்துடன் எழுந்து, பலமுறை ரிசீவரை எடுத்துப் பார்த்திருக்கிறார். “கரண்டு போனால் விளக்குத்தானே போகும், டெலிபோனுமா போகும்?” என்று மறுநாள் அவர் கேட்டார். நாற்பது ஆண்டு அனுபவம் அவருக்குக் கற்பித்திருந்த பாடம் அது. அப்பாடம் மாறிவிட்டதென்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்களில் நாமும் ஒருவர் என்பதை உணர்ந்தபோது வெட்கமாயிருந்தது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. பிரிட்டனிலும் பழைய தொலைபேசி முறையை 2025 இறுதிக்குள் அறவே நிறுத்திவிடத் திட்டமிட்டிருந்தார்கள். தனித்து வாழும் முதியோர் கழுத்தில் அணிந்து, ஆபத்தில் அழுத்தி உதவி கோரும் சாதனங்கள் சில புதிய இணைப்பில் வேலை செய்யவில்லை. அதனால் 2023 டிசம்பரில் அவசரகதியில் மாற்றுவதை நிறுத்தி வைத்தார்கள். 2024-இல் கெடுவை 2027 ஜனவரி இறுதிவரை நீட்டித்தார்கள். மின்சாரம் நின்றபோது, வீட்டுத் தொலைபேசியையே நம்பியிருப்போர் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர உதவியை அழைக்க வழி செய்து தர வேண்டும் என்பது அங்கே கம்பெனிகளுக்கு இடப்பட்டுள்ள நெறி.

ஆகவே, ஊரில் பெற்றோரை விட்டு வந்திருப்போர் சில காரியங்களைத் தாமே கவனித்தல் நலம். முதலாவது, அச்சிறு பெட்டிக்கென ஒரு மின்கலச் சாதனம் வாங்கி இணைத்தல். பெட்டி செலவிடும் மின்சாரம் மிகக் குறைவாதலால், சிறிய சாதனமே சில மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் பெட்டியின் பிளக்கை அதன் இணைப்பில் செருகினால் போதும். இரண்டாவது, எண்வட்டத்தைச் சுழற்றும் பழைய கருவி இருந்தால், புதிய பெட்டி அதனை ஏற்கிறதா என்று பார்த்தல். எல்லாப் பெட்டிகளும் ஏற்பதில்லை. மூன்றாவது, கைப்பேசி ஒன்றையும் மின்னூட்டத்துடன் அருகில் வைத்தல். புயல் நாட்களில் கைப்பேசிக் கோபுரங்களின் மின்கலமும் தீர்ந்துபோகக் கூடுமாதலால், ஒரு வழியை மட்டும் நம்பியிருத்தல் தகாது. நான்காவது, அண்டை வீட்டார் இருவரின் எண்களை நம்மிடமும், 108, 112 ஆகிய அவசர எண்களைப் பெரிய எழுத்தில் சுவரிலும் எழுதி வைத்தல்.

இவற்றோடு ஒரு சோதனையும் செய்து பார்க்கலாம். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, மாலை வேளையில் வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, பெற்றோரையே ரிசீவரை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒலி கேட்டால் நிம்மதியாகத் திரும்பலாம். கேட்காவிடில், பயணப்படுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று மீதமிருக்கிறது.